புதினாவில் மெந்தால் குறைந்துவிட்டதா, இல்லை இருந்ததே இல்லையா?

கேள்வி, 04-06-2022

ரெண்டு தொட்டியில புதினா வெச்சிருக்கேன். தண்டு கொடுத்தது வேற வேற ஆளுங்க. ஒண்ணோட இலையை மென்னா நாக்கு, தொண்டை எல்லாம் ஜில்லுன்னு ஆயிடுது. இன்னொண்ணுல வாசனை பிரமாதம், ஆனா அந்த ஜில் மட்டும் இல்ல. தண்ணி அதிகமா ஊத்தி மெந்தால் போயிடுச்சுன்னு ஒரு நண்பர் சொல்றார். வெயில் பத்தலைங்கறார் இன்னொருத்தர். எது சரி? மெந்தாலைத் திரும்ப வரவைக்க என்ன உரம் போடணும்? எண்ணெய் எடுக்கற யோசனையும் இருக்கு.

04-06-2022, மாலை

போனால்தானே திரும்பி வரும். உங்கள் இரண்டாவது தொட்டியில் மெந்தால் இருந்ததே இல்லை.

அது ஸ்பியர்மின்ட், மெந்தா ஸ்பிக்காட்டா. நாம் சாதாரணமாகப் புதினா என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான். அதன் எண்ணெயில் பாதிக்கு மேல் கார்வோன் என்ற மணப்பொருள். பல செடிகளில் 60, 70 சதவீதம் வரை போகும். அடுத்த இடம் லிமோனீனுக்கு. மெந்தாலைத் தேடினால் தடயம் கிடைக்கலாம், அவ்வளவுதான். முதல் தொட்டியில் இருப்பது பெப்பர்மின்டாக இருக்கலாம். அதன் எண்ணெயில் ஏறக்குறைய 35 முதல் 50 சதவீதம் மெந்தால், 15 முதல் 30 வரை மெந்தோன், மிச்சத்தில் சினியோல், மெந்தைல் அசிடேட், மெந்தோஃபியூரான் இத்தியாதி. இல்லையென்றால் ஜப்பானிய புதினா எனப்படும் மெந்தா ஆர்வென்சிஸ். அதில் மெந்தால் 70 சதவீதத்தையும் தாண்டும்.

இலையைப் பாருங்கள். ஸ்பியர்மின்ட் இலை தண்டோடு ஒட்டி உட்கார்ந்திருக்கும், காம்பைத் தேட வேண்டும். பெப்பர்மின்டில் காம்பு பளிச்சென்று தெரியும், தண்டிலும் இலை நரம்பிலும் பெரும்பாலும் கருஞ்சிவப்பு ஓடியிருக்கும். பூத்துவிட்டால் இன்னும் சுலபம். ஸ்பியர்மின்ட் கதிர் மெலிந்து நீண்டு கூராக முடியும். பெப்பர்மின்ட் கதிர் தடித்து, முனை மழுங்கியிருக்கும். ஆர்வென்சிஸுக்கு நுனியில் கதிரே கிடையாது. இலைக்கக்கங்களில் தண்டைச் சுற்றி வளையம் வளையமாகப் பூக்கும்.

04-06-2022, இரவு

காம்பு பார்க்க நுனி இலை உதவாது. நடுத்தண்டில் முற்றிய இலையாகப் பாருங்கள்.

06-06-2022

"புதினான்னாலே குளிர்ச்சிதானே, குளிர்ச்சி இல்லாத புதினா ஏது" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். மணமும் குளிர்ச்சியும் ஒரே சரக்கு என்று நினைப்பதால் வரும் கேள்வி இது.

மூக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பெப்பர்மின்ட் இலை ஒன்றை மெல்லுங்கள். மணம் முழுதாகக் காணாமல் போகும், ஜில் அப்படியே இருக்கும். அதே மாதிரி மூக்கைப் பிடித்துக்கொண்டு ஸ்பியர்மின்டை மென்றால் பச்சைத் தழையின் லேசான கசப்பு மட்டும்தான். என்ன இலை என்றே சொல்ல முடியாது. மூக்கை விட்டதும் கார்வோன் குப்பென்று வந்து உட்காரும்.

மணத்தை மூக்கின் உச்சியில் இருக்கும் முகர்வு நரம்பு வாங்குகிறது. குளிர்ச்சி போகும் வழி வேறு. தோலிலும் வாயிலும் மூக்கின் உட்சுவரிலும் ஓடும் உணர்வு நரம்புகளில் டிஆர்பிஎம்8 என்ற ஏற்பி இருக்கிறது. உண்மையான குளிர் பட்டாலும் திறக்கும், மெந்தால் பட்டாலும் திறக்கும். மூளைக்கு இரண்டும் ஒரே தகவல்தான். 2002-இல் டேவிட் ஜூலியஸ் குழுவும் ஆர்டெம் பட்டபூட்டியன் குழுவும் தனித்தனியாக இதைக் கண்டுபிடித்தன. வெப்பம், தொடுகை ஏற்பிகளைக் கண்டறிந்ததற்காக இவர்கள் இருவருக்கும் 2021-இல் நோபல் கிடைத்தது.

நெற்றியில் மெந்தால் தடவிவிட்டுத் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தால் ஒன்றும் பெரிதாக இறங்கியிருக்காது. ஏற்பி எந்த வெப்பநிலையில் திறக்க வேண்டும் என்ற அளவை மெந்தால் மேலே ஏற்றிவிடுகிறது. சாதாரணமாகக் குளிர் என்று தோன்றாத சூடும் குளிராகிவிடும். பெப்பர்மின்ட் மென்ற பிறகு குடிக்கும் சாதாத் தண்ணீர் ஐஸ் மாதிரி இறங்குவது இதனால்தான்.

07-06-2022

மூக்கடைப்புக்கு மெந்தால் முகர்ந்தால் "திறந்துவிட்டது" போல இருப்பதும் இதே கணக்குதான். காற்றோட்டத்தை அளந்து பார்த்திருக்கிறார்கள். அடைப்பு அப்படியே இருக்கிறது, குறைந்ததாகத் தோன்றுவது மட்டுமே. எனக்குச் சளி பிடித்தால் அந்தத் தோற்றமே போதும், ஆட்சேபணை இல்லை.

11-06-2022

உரம் பற்றித் திரும்பவும் கேட்டிருக்கிறீர்கள். முடியாது என்பதற்குக் காரணம் வேண்டுமென்றால் கொஞ்சம் உள்ளே போக வேண்டும். எனக்கு இந்தச் செடியில் மிகவும் பிடித்த சங்கதியும் இதுதான்.

ஸ்பியர்மின்டும் பெப்பர்மின்டும் ஒரே இடத்திலிருந்துதான் கிளம்புகின்றன. இரண்டுமே ஜெரனைல் டைபாஸ்பேட் என்ற பத்துக் கார்பன் சங்கிலியை வளைத்து லிமோனீன் ஆக்குகின்றன. அதுவும் ஒரே வகை லிமோனீன், இடச்சுழி வடிவம் (இடது கை, வலது கை போல ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான இரண்டு வடிவங்களில் ஒன்று). அடுத்த படியில் ஒரு நொதி அதன்மேல் ஓர் ஆக்சிஜனை ஏற்றும். லிமோனீன் வளையத்தில் கார்பன்களுக்கு எண் போட்டிருப்பார்கள். பெப்பர்மின்டின் நொதி 3-ஆம் கார்பனில் ஏற்றுகிறது, ஸ்பியர்மின்டின் நொதி 6-ஆம் கார்பனில். பாதை பிரிவது இங்கேதான்.

6-இல் ஏறினால் கார்வியோல், அதற்கடுத்த படியில் கார்வோன். கதை முடிந்தது, இரண்டே படி. 3-இல் ஏறினால் பயணம் நீளம்: ஐசோபைப்பரிட்டினால், ஐசோபைப்பரிட்டினோன், ஐசோபுலிகோன், புலிகோன், மெந்தோன், கடைசியில் மெந்தால். ஒரே செல்லுக்குள் இதற்காக அறை அறையாக மாற வேண்டியிருக்கிறது. லிமோனீன் உருவாவது கணிகத்தில், ஆக்சிஜன் ஏறுவது உட்சோற்று வலையில், அடுத்த படி மைட்டோகாண்ட்ரியாவில், மெந்தோன் மெந்தாலாவது செல்லின் திரவப் பகுதியில். வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ராட்னி குரோட்டோவும் அவருடன் இருந்தவர்களும் பல பத்தாண்டுகள் உட்கார்ந்து இதை ஒவ்வொரு படியாகப் பிரித்துக் காட்டினார்கள்.

அதே ஆய்வகம் 2000-இல் இன்னொன்றும் காட்டியது. ஸ்பியர்மின்ட் நொதியில் நூற்றுக்கணக்கான அமினோ அமிலங்கள் கோத்திருக்கின்றன. அதில் ஒன்றே ஒன்றை, 363-ஆம் இடத்தில் இருக்கும் ஃபினைல்அலனினை எடுத்துவிட்டு ஐசோலியூசின் வைத்தார்கள். 6-இல் ஏற்றிக்கொண்டிருந்த நொதி 3-இல் ஏற்ற ஆரம்பித்தது.

ஆக உங்கள் இரண்டு தொட்டிக்கும் நடுவே இருக்கும் வித்தியாசம் மரபணுவில் எழுதியிருப்பது. மண்ணில் எதைக் கொட்டினாலும் அது மாறாது.

11-06-2022, சற்று நேரம் கழித்து

எப்சம் உப்பு (மெக்னீசியம் சல்பேட்) போட்டாலாவது மாறுமா என்று கேள்வி. இல்லை, எப்சம் உப்புக்கும் மாறாது.

15-06-2022

ஸ்பியர்மின்டிலும் தனக்கு லேசாக ஜில்லென்று இருப்பதாக ஒருவர் எழுதியிருக்கிறார். 06-ஆம் தேதிக் குறிப்பில் "கசப்பு மட்டும்தான்" என்று நான் எழுதியது என் வாயைப் பொறுத்தவரை. கார்வோனும் அந்த ஏற்பியைக் கொஞ்சம் தட்டக்கூடியதுதான். மெந்தாலோடு ஒப்பிட்டால் ரொம்பப் பலவீனம். நாக்குக்கு நாக்கு வித்தியாசப்படும். தவிர, செடி கலப்பாகவும் இருக்கலாம். மெந்தா இனத்துக்குக் கட்டுப்பாடு கிடையாது, பக்கத்தில் எது பூத்தாலும் சேர்ந்துகொள்ளும்.

22-06-2022

கார்வோன் என்றதும் ஞாபகம் வந்தது. கேட்ட கேள்விக்கும் இதற்கும் சம்பந்தம் கம்மி, இருந்தாலும் எழுதுகிறேன்.

சதகுப்பை விதையை நசுக்கி முகர்ந்திருக்கிறீர்களா? சீரகம் மாதிரி இருக்கும் கேரவே விதை? அவற்றின் எண்ணெயிலும் முக்கியமான சரக்கு கார்வோன்தான். அதே அணுக்கள், அதே இணைப்புகள், அதே கொதிநிலை. ஆனால் ஒன்று இன்னொன்றின் கண்ணாடிப் பிம்பம். புதினாவில் இடச்சுழி கார்வோன், சதகுப்பையிலும் கேரவேயிலும் வலச்சுழி. மூக்கு இரண்டையும் குழப்பிக்கொள்வதே இல்லை.

ரொம்ப நாள் வேதியியலாளர்கள் இதை நம்பவில்லை. எங்கோ கொஞ்சம் அழுக்கு கலந்திருக்கிறது, அதனால்தான் மணம் வேறுபடுகிறது என்று வாதாடினார்கள். 1971-இல் வெவ்வேறு குழுக்கள் இரண்டு வடிவங்களையும் நன்றாகச் சுத்தம் செய்து, ஒன்றிலிருந்து மற்றதைத் தயாரித்தும் பார்த்து, மணவேறுபாடு மூலக்கூறின் கைவாகால்தான் (இடது, வலது அமைப்பால்தான்) என்று உறுதிசெய்தன. வலது கைக்கு வலது கையுறை பொருந்துவது போல மூக்கின் ஏற்பியும் கை பார்த்துத்தான் சேர்க்கிறது.

நான் இரண்டையும் பஞ்சில் தொட்டு, எது எதென்று சொல்லாமல் ஒருவரிடம் நீட்டினேன். முதலாவதை முகர்ந்ததும் "பல்பொடி" என்றார். இரண்டாவதை முகர்ந்து கொஞ்சம் யோசித்து, "மருந்து டப்பா" என்றார். இரண்டும் சரியான விடைதான்.

23-06-2022

நேற்றையதற்கு ஒரு பின்குறிப்பு. விற்பனைக்கு வரும் இடச்சுழி கார்வோனில் கணிசமான பகுதி புதினாவைக் கண்ணால்கூடப் பார்த்திருக்காது. ஆரஞ்சுத் தோல் எண்ணெயில் லிமோனீன் மலிவாகக் கிடைக்கிறது, அதிலிருந்து செய்கிறார்கள்.

இதில் ஒரு வேடிக்கை. ஆரஞ்சுத் தோலில் இருப்பது வலச்சுழி லிமோனீன். கேரவே செடியும் வலச்சுழி லிமோனீனைத்தான் எடுத்துக்கொள்கிறது, வலச்சுழி கார்வோனைச் செய்கிறது. அதே வலச்சுழி லிமோனீனிலிருந்து ஆலையில் வருவதோ புதினா மணம். ஏனென்றால் வேதியியலாளர் ஆக்சிஜனை ஏற்றுவது வளையத்தின் இரட்டைப் பிணைப்புக்கு அந்தப் பக்கம், செடி ஏற்றுவது இந்தப் பக்கம். பக்கம் மாறினால் கையும் மாறிவிடுகிறது. காகிதத்தில் வளையத்தை வரைந்து திருப்பிப் பார்த்தால் புரியும். எழுத்தில் இதற்கு மேல் விளக்க எனக்கு வராது.

02-07-2022

எண்ணெய் இலைக்குள் எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு.

உள்ளே இல்லை, மேலே. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று இருந்தால் போதும். இலையைத் திருப்பி, அடிப்பக்கத்தை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடியுங்கள். நரம்புகளுக்கு நடுவே சின்னச் சின்னப் பள்ளங்கள், ஒவ்வொரு பள்ளத்திலும் ஒரு மஞ்சள் கலந்த பளபளப்புப் புள்ளி. கண்ணைப் பழக்கிக்கொண்டால் இலை முழுக்க நூற்றுக்கணக்கில் தெரியும். ஒவ்வொன்றும் ஒரு சுரப்பித் தூவி: அடியில் ஒரு செல், காம்பாக ஒரு செல், அதன்மேல் தட்டு மாதிரி எட்டுச் செல்கள். எட்டும் சேர்ந்து எண்ணெயைச் சுரந்து, தமக்கு மேலே போர்த்தியிருக்கும் மெழுகுத் தோலுக்கு அடியில் தள்ளுகின்றன. தோல் உப்பிக்கொண்டே போகும்.

ஊசிமுனையால் ஒன்றைத் தொட்டுப் பாருங்கள். பளபளப்பு சட்டென்று அணைந்து, சுற்றியிருக்கும் இடம் ஈரமாகும். மணம் அப்போதுதான் வரும். தொடாத புதினாச் செடிக்குப் பக்கத்தில் நின்றால் அவ்வளவாக மணக்காது, கை பட்டால்தான் மணக்கும். நிழலில் பக்குவமாகக் காயவைத்த இலை மாதக்கணக்கில் மணத்தோடு இருப்பதும் இதனால்தான். தோல் உடையாதவரை எண்ணெய் உள்ளேயே கிடக்கும். பொடித்து வைத்தால் பறந்துவிடும். பொடித்த புதினாவை வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும்.

09-07-2022

வெயில், தண்ணீர் பற்றி முதல் நாளே ஒரேயடியாகத் தட்டிவிட்டேன் என்று கேட்டவரின் நண்பர் கோபித்துக்கொண்டாராம். ஸ்பியர்மின்டில் மெந்தால் வராது என்பதில் மாற்றமில்லை. ஆனால் பெப்பர்மின்ட் தொட்டியைப் பற்றி அவர் அதே கேள்வியைக் கேட்டிருந்தால் அது நல்ல கேள்வி. பெப்பர்மின்டின் எண்ணெய் நிலையானது இல்லை. இலையின் வயது, பகலின் நீளம், வெளிச்சம், இரவுச் சூடு எல்லாமே அதைத் திருப்பிப் போடும்.

முதலில் வயது. இலை தோன்றி ஏறக்குறைய 12 முதல் 20 நாட்களுக்குள்தான் எண்ணெயின் பெரும்பகுதி உருவாகிறது. அதற்கப்புறம் உற்பத்தி கிட்டத்தட்ட நின்றுவிடும். இளம் இலையில் மெந்தோன் மிகுதி. முற்ற முற்ற, இருக்கிற மெந்தோன் மெந்தாலாக மாறும். ஒரே தண்டில் நுனி இலையையும் நாலைந்து கணு கீழே இருக்கும் இலையையும் மாற்றி மாற்றிக் கசக்கி முகருங்கள். நுனியில் காரமான, பச்சையான நெடி. கீழே சுத்தமான ஜில். நான் முகர்வுப் பயிற்சிக்குப் பெப்பர்மின்டைத்தான் பரிந்துரைப்பேன், ஒரே தண்டில் வகுப்பு நடத்தலாம்.

அடுத்து வெளிச்சம். மேலே புலிகோன் என்று ஒரு படி எழுதினேனே, அங்கே இன்னொரு கிளை பிரிகிறது. ஒரு பக்கம் போனால் மெந்தோன், மெந்தால். மறுபக்கம் போனால் மெந்தோஃபியூரான், அது முட்டுச்சந்து, அங்கிருந்து மெந்தாலுக்குத் திரும்ப வழியில்லை. வெளிச்சம் குறைந்தால், பகல் குட்டையானால், இரவு சூடாக இருந்தால் செடி மெந்தோஃபியூரான் பக்கம் சாய்கிறது. வெளிச்சமான நீண்ட பகலும் குளிர்ந்த இரவும் கிடைத்தால் மெந்தோன், மெந்தால் பக்கம். பெப்பர்மின்ட் எண்ணெய்த் தொழில் கோடையில் பகல் நீளும் வடக்குப் பகுதிகளில் வேரூன்றியதற்கு இது ஒரு பெரிய காரணம். பூவிலும் மெந்தோஃபியூரான் அதிகம். அதனால்தான் பூக்கத் தொடங்கும் தறுவாயில் அறுக்கிறார்கள். முழுக்கப் பூக்க விட்டால் எண்ணெயின் தரம் இறங்கும்.

நிழலில் தொட்டி வைத்திருப்பவர்கள் "வாசனை ஒரு மாதிரி வைக்கோல் நாற்றமாக இருக்கிறது" என்று எழுதினால் முதலில் மெந்தோஃபியூரானைச் சந்தேகிப்பேன்.

10-07-2022

புலிகோன் என்றதும் சொல்லியே ஆக வேண்டியது. பென்னிராயல் என்று ஒரு புதினா, மெந்தா புலிஜியம். அதன் எண்ணெயில் பெரும்பகுதி புலிகோன். ஈரலை அழிக்கும். கல்லீரல் அதை மெந்தோஃபியூரான் முதலான பொருள்களாக மாற்றும்போது நச்சு இன்னும் கூர்மையாகிறது. அந்த எண்ணெயைக் குடித்து இறந்தவர்கள் உண்டு. இலை வேறு, எண்ணெய் வேறு. எண்ணெய் என்பது கூடை கூடையாகத் தழையைச் சுண்டவைத்த சாரம்.

பெப்பர்மின்ட் எண்ணெய் அந்த அளவுக்கு விஷமில்லை. ஆனாலும் தானே வடித்ததை உள்ளுக்குச் சாப்பிடுவது, கைக்குழந்தையின் மூக்குக்கும் முகத்துக்கும் அருகே தடவுவது இரண்டும் கூடவே கூடாது. குழந்தைகளுக்கு மெந்தால் நெடியில் குரல்வளை இறுகி மூச்சு தடைப்படலாம்.

19-07-2022

"விதை போட்டுப் பெப்பர்மின்ட் வளர்க்கிறேன்" என்று ஒருவர். வளர்வது என்னவோ, அது பெப்பர்மின்ட் இல்லை.

பெப்பர்மின்ட் ஒரு கலப்பினம். நீர்ப்புதினாவும் ஸ்பியர்மின்டும் சேர்ந்து பிறந்தது, மலடு. பூக்கும், விதை பிடிக்காது. 1696-இல் இங்கிலாந்தில் தாவரவியலாளர் ஜான் ரே இதைப் பதிவுசெய்தார், 1753-இல் இன்னொரு தாவரவியலாளர் லின்னேயஸ் பெயர் வைத்தார். அன்றிலிருந்து தண்டும் ஓடுதண்டும் வெட்டி வெட்டித்தான் பரவியிருக்கிறது. லண்டனுக்குத் தெற்கே மிட்சம் என்ற ஊர் ஒரு காலத்தில் பெப்பர்மின்ட் வடிப்புக்குப் பேர்போனது. இன்றும் தொழிலில் பயிராகும் முக்கியமான வகை பிளாக் மிட்சம். விதையே இல்லாததால் இதற்கு வாடல் நோய் வந்தபோது வழக்கமான முறையில் ஒட்டுச்சேர்த்துப் புதுரகம் உண்டாக்க முடியவில்லை. அமெரிக்காவில் ஓடுதண்டுகளைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்தி, பிழைத்ததை நோய் மண்ணில் நட்டு, தாங்கியதைப் பொறுக்கினார்கள். 1971-இல் வெளிவந்த டாட்ஸ் மிட்சம் அப்படிப் பிறந்தது. மணம் கெடாமல் நோயை மட்டும் தாங்க வேண்டும் என்பதால் பொறுக்குவதற்கே வருடங்கள் பிடித்தன.

ஸ்பியர்மின்ட் விதை பிடிக்கும். ஆனால் ஒரே செடியின் விதைகளில் முளைத்த நாற்றுகள் ஒரே மாதிரி மணக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். கார்வோன் பாதையைத் திறக்கும் மரபணு ஓங்கியது (ஒரு பக்கத்திலிருந்து வந்தாலே வேலை செய்யும்); இரண்டு பக்கமும் ஒடுங்கியது வந்து சேர்ந்த நாற்று புலிகோன், மெந்தோன் பக்கம் போய்விடும். பிடித்த மணம் கிடைத்தால் தண்டை வெட்டி நட்டுவிடுங்கள், விதையை மறந்துவிடுங்கள்.

20-07-2022

அத்தர் மாதிரி மணக்கும் புதினா வைத்திருப்பவருக்கு: அது பெர்கமாட் புதினாவாக இருக்கும். லினலூலும் லினலைல் அசிடேட்டும்தான் அதன் எண்ணெய், லாவெண்டரில் இருக்கும் அதே ஜோடி. முன்பு சொன்ன பத்துக் கார்பன் சங்கிலி இதில் வளையமாகவே இல்லை. லிமோனீன் படிக்குப் போகாமலே நின்றுவிட்டது. கார்வோனும் இல்லை, மெந்தாலும் இல்லை. நல்ல செடி, கொடுத்துவைத்தவர் நீங்கள்.

03-08-2022

இப்போது எண்ணெய் எடுப்பது. தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன், ஏனென்றால் தொட்டிக்காரர்களுக்கு இதில் ஏமாற்றம்தான் மிஞ்சும். பச்சைத் தழை ஒரு கிலோவுக்குச் சில மில்லி வந்தாலே நல்ல மகசூல். உங்கள் தொட்டியை மொட்டையடித்தாலும் கிடைப்பது கண்ணாடிச் சுவரில் ஒரு வளையம்.

தத்துவம் எளிது. மெந்தாலின் கொதிநிலை 212 டிகிரி செல்சியஸ். தண்ணீரோடு சேர்ந்தால் இரண்டும் தத்தம் ஆவியழுத்தத்தைக் கூட்டிக்கொண்டு 100 டிகிரிக்குச் சற்று கீழேயே கொதித்துக் கிளம்பிவிடும். குளிர்ந்ததும் பிரியும். எண்ணெயின் அடர்த்தி சுமார் 0.9, அதனால் மேலே மிதக்கும். தழையைத் தண்ணீரில் மூழ்கடித்து வேகவைத்தால் கீரை அவிந்த நெடி எண்ணெயில் ஏறிவிடும். தழையைத் தட்டில் வைத்து அடியிலிருந்து நீராவியை விடுவதே நல்லது. அறுத்ததை ஒரு நாள் வாடவிட்டு ஏற்றினால் கலனில் நிறையக் கொள்ளும், எரிபொருளும் மிச்சம்.

முதலில் வடியும் நீர் பால் கலந்த மாதிரி கலங்கலாக வரும். பயப்பட வேண்டாம், எண்ணெய் பொடித்துளிகளாக மிதக்கிறது. ஒரு ராத்திரி ஆடாமல் வைத்தால் மேலே ஏறும். என்னுடையது ஏறிய பிறகு பார்த்தால், சொட்டுமருந்துக் குப்பியின் கழுத்தை நனைக்கும் அளவுகூட இல்லை. ஆனால் கீழே நின்ற நீர் அருமையான மணம், அதை முகம் கழுவியே தீர்த்தேன். புதிதாக வடித்த எண்ணெயை உடனே முகர்ந்து தீர்ப்புச் சொல்லாதீர்கள்; கொஞ்ச நாள் ஒரு அவிந்த வாடை கூடவே இருக்கும், மெல்ல அடங்கும்.

05-08-2022

ஆர்வென்சிஸ் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒரு விளையாட்டு. அதன் எண்ணெயைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் மெந்தால் ஊசி ஊசியாகப் படிகமாகும். உலகத்து இயற்கை மெந்தாலில் பெரும்பகுதி இப்படித்தான், உறையவைத்துப் பிரித்து வருகிறது. சுத்தமான மெந்தால் 42, 43 டிகிரியில் உருகும். கண்ணாடிச் சீசாவில் கொஞ்சம் போட்டு மூடி அலமாரியில் வைத்துவிட்டு மறந்துவிடுங்கள். பல வாரம் கழித்துப் பார்த்தால் அடியில் இருந்தது குறைந்து, சீசாவின் தோளிலும் மூடியின் உட்புறத்திலும் மயிரிழை போன்ற ஊசிகள் முளைத்திருக்கும். உருகாமலே ஆவியாகி மேலே போய்ப் படிந்தவை. மூடியைத் திறந்ததும் முகத்தைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள், கண் எரியும்.

14-08-2022

இயற்கை மெந்தாலா செயற்கை மெந்தாலா என்ற சண்டை ஆரம்பித்திருக்கிறது. சுருக்கமாக என் கட்சி: மெந்தால் என்ற மூலக்கூறைப் பொறுத்தவரை சண்டைக்கே இடமில்லை. எண்ணெய் என்றால் இடமிருக்கிறது.

மெந்தாலில் இடது, வலது என்று அமைப்பு மாறக்கூடிய கார்பன் மூன்று. ஆகவே எட்டு வடிவங்கள் சாத்தியம். செடி ஏறக்குறைய ஒன்றே ஒன்றைத்தான் செய்கிறது, அதுதான் நன்றாகக் குளிரும் இடச்சுழி மெந்தால். ஓமத்தின் மணப்பொருளான தைமாலில் ஹைட்ரஜனை ஏற்றினாலும் மெந்தால் வரும், ஆனால் எட்டும் கலந்து வரும். அப்புறம் உட்கார்ந்து பிரிக்க வேண்டும். ஜப்பானில் ரியோஜி நொயோரியின் கைவாகு வினையூக்கியை வைத்து 1980களில் டகாசாகோ நிறுவனம் நேரடியாக இடச்சுழி மெந்தாலையே ஆலை அளவில் செய்யத் தொடங்கியது. நொயோரிக்கு 2001-இல் நோபல். ஆலையில் வந்த அந்த இடச்சுழி மெந்தாலும் செடியின் மெந்தாலும் ஏற்பிக்கு ஒன்றே.

பெப்பர்மின்ட் எண்ணெய் அப்படி இல்லை. மெந்தோன், மெந்தோஃபியூரான், மெந்தைல் அசிடேட், கொஞ்சூண்டு விரிடிஃபுளோரால், சபினீன் ஹைட்ரேட் எல்லாம் சேர்ந்ததுதான் அந்த உருண்டையான மணம். வெறும் மெந்தால் படிகத்தை முகர்ந்தால் ஒல்லியாக, வெறிச்சென்று இருக்கும்.

மெந்தால் எடுத்த மிச்ச ஆர்வென்சிஸ் எண்ணெயைப் பெப்பர்மின்ட் என்று விற்பது பழைய வித்தை. ஆர்வென்சிஸில் மெந்தோஃபியூரானும் விரிடிஃபுளோராலும் இருக்காது என்றே சொல்லலாம், ஐசோபுலிகால் கூடுதலாக இருக்கும். எண்ணெயில் எது எவ்வளவு என்று பிரித்துக் காட்டும் வாயு நிறப்பகுப்பு அறிக்கை கொடுத்தால் அந்த மூன்று வரிகளை மட்டும் பாருங்கள். ஐரோப்பிய மருந்துத் தர நூல் பெப்பர்மின்ட் எண்ணெயில் கார்வோன் 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. தாண்டினால் ஸ்பியர்மின்ட் கலந்திருக்கிறது என்று பொருள்.

15-08-2022

அறிக்கை இல்லையென்றால்? காகிதப் பட்டையில் ஒரு துளி வைத்து ராத்திரி முழுக்கத் திறந்த இடத்தில் விடுங்கள். நல்ல பெப்பர்மின்டில் காலையில்கூட ஓர் இனிப்பான பின்மணம் நிற்கும். ஆர்வென்சிஸ் எனக்குக் கசப்பாக, கொஞ்சம் எரிச்சலாக முடிகிறது. இது என் மூக்கின் தீர்ப்பு, சாட்சி சொல்லக் கூப்பிடாதீர்கள்.

28-08-2022

கேட்டவர் திரும்பி வந்து எழுதியிருக்கிறார்: முதல் தொட்டியில் காம்பு இருக்கிறது, தண்டு சிவப்பு, பூ தண்டைச் சுற்றி வளையமாக இருக்கிறது. வளையமாக என்றால் பெப்பர்மின்ட் இல்லை, ஆர்வென்சிஸ். குளிர்பதனப் பெட்டி விளையாட்டு உங்களுக்குத்தான்.

கிடைத்த துளியை எதில் வைப்பது என்றும் கேட்டிருக்கிறார். நிறக் கண்ணாடிக் குப்பி, கழுத்துவரை நிரம்பும் அளவுக்குச் சின்னதாக. உள்ளே காற்று நிறைய இருந்தால் லிமோனீனும் மெந்தோஃபியூரானும் ஆக்சிஜனேற்றம் அடைந்து மணம் திரியும், நிறமும் மஞ்சளாகும். பிளாஸ்டிக் வேண்டாம். ரப்பர் குமிழ் வைத்த சொட்டுமூடியும் வேண்டாம், எண்ணெயின் ஆவி பட்டு ரப்பர் ஊதிப் பிசுபிசுத்துவிடும். திருகு மூடி போதும்.